ஓர் எண்ணை மாற்ற ஒன்றரை நாள்

கானாடுகாத்தான் வீட்டில் ஆத்தா தினமும் போனில் தேவாரம் படிப்பார். அந்தச் செயலியில் எழுத்து பொடிப்பொடியாக இருக்கும், பெரிதாக்க வழியே இல்லை. அதன் மூலநிரல், அதாவது செயலியை உருவாக்க எழுதிய நிரல், எல்லோருக்கும் திறந்து கிடப்பதால், பாலிடெக்னிக் படிக்கும் என் அண்ணன் மகன், "சித்தப்பா, 14னு இருக்கிறதை 22னு மாத்தினா போதும், அப்பத்தா சிரமமில்லாம படிப்பாங்க" என்று லேப்டாப்போடு வந்துவிட்டான். அவன் சொன்னது சரிதான். ஆனால் மாற்றிய அந்த ஓர் எண் ஆத்தாவின் போனுக்குப் போய்ச் சேர ஒன்றரை நாள் ஆனது.

மூலநிரலை இறக்கியதும் செயலி முழுக்கக் கைக்கு வந்துவிட்டதாகத் தோன்றும். உண்மையில் வருவது கொஞ்சம்தான். நம்ம ஊர் வீடுகளை நினைத்துக்கொள்ளுங்கள்: தேக்கு பர்மாவிலிருந்து, மார்பிள் இத்தாலியிலிருந்து, நிலைக்கண்ணாடி பெல்ஜியத்திலிருந்து, தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல் மட்டும் பக்கத்து ஊர். செயலியும் அப்படித்தான், எழுதியவர் கைப்பட எழுதியது ஒரு பங்கு, மற்றதெல்லாம் மேவன் சென்ட்ரல் போன்ற இணையக் கிடங்குகளில் கிடக்கும் நூலகங்கள், அதாவது பிறர் எழுதிவைத்த ஆயத்த நிரல்கள். நமக்குக் கிடைப்பது எந்த நூலகம், எந்தப் பதிப்பு என்ற பட்டியல். அதைப் படித்து, சாமான்களைத் தருவித்து, எதற்கு அப்புறம் எது என்று வேலை வாங்கும் மேஸ்திரியின் பெயர் கிரேடில்.

அந்த மேஸ்திரியை நீங்கள் தனியாக நிறுவ வேண்டாம், தயவுசெய்து நிறுவாதீர்கள். பெரும்பாலான ஆண்ட்ராய்டு திட்டங்களில் கிரேடில் ராப்பர் என்று சின்னக் கோப்புகளின் தொகுப்பு ஒன்று கூடவே வரும். செயலியை எழுதியவர் எந்தப் பதிப்பை வைத்துக் கட்டினாரோ அதே பதிப்பை அது இறக்கிக்கொள்ளும். எங்களுக்கு வந்தது 7.5.

சிக்கல் அதற்கு அடுத்துதான். கிரேடில் ஓடுவதற்கே ஜாவா என்ற நிரல் மொழியின் மென்பொருள் வேண்டும். "புதுசா இருந்தா நல்லதுதானே சித்தப்பா" என்று அண்ணன் மகன் ஜாவா 21ஐ நிறுவியிருந்தான், நானும் சரி என்றுவிட்டேன். திரையில் சிவப்பாக வந்து நின்றது: மேஜர் வெர்ஷன் 65 எனக்குப் புரியாது என்று கிரேடில் சொன்னது. மாலை முழுக்க அதோடுதான் மல்லுக்கட்டினோம். ஜாவா உருவாக்கும் ஒவ்வொரு கிளாஸ் கோப்பின் தொடக்கத்திலும் ஒரு பதிப்பு எண் எழுதப்பட்டிருக்கும், அதிலிருந்து 44ஐக் கழித்தால் ஜாவாவின் பதிப்பு வந்துவிடும். 52 என்றால் ஜாவா 8, 61 என்றால் 17, எங்கள் 65 என்றால் 21. ஜாவா 21ல் ஓடக் கிரேடில் குறைந்தது 8.5 ஆக இருக்க வேண்டும், எங்களுடையது அதற்கு முந்தியது. பழைய மேஸ்திரியிடம் அவர் பார்த்தே இராத கருவியைக் கொடுத்திருக்கிறோம். ஜாவா 17க்கு இறங்கினோம், கிரேடில் நகர்ந்தது.

ஆண்ட்ராய்டு செயலி கட்டுவதற்கான கருவிகளின் தொகுப்பான எஸ்டிகே நம் கணினியில் எந்த அடைவில் இருக்கிறது என்பதை லோக்கல் பிராப்பர்டீஸ் என்ற கோப்பில் சொல்ல வேண்டும். அது ஆளுக்கு ஆள் மாறும் என்பதால் மூலநிரலோடு வராது. செயலி எழுதப் பயன்படும் ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ மென்பொருளில் திறந்தால் அதுவே எழுதிக்கொள்ளும்.

இன்னும் பழைய செயலி என்றால் வேறொரு சங்கடம் இருக்கிறது. ஒரு காலத்தில் ஏராளமான திட்டங்கள் நம்பியிருந்த ஜேசென்டர் கிடங்கை மூடப்போவதாக 2021இல் அறிவித்தார்கள், 2024 முதல் அங்கே போகும் கோரிக்கைகள் எல்லாம் மேவன் சென்ட்ரலுக்குத் திருப்பிவிடப்படுகின்றன. அங்கே மட்டும் இருந்த நூலகம் என்றால் கிடைக்காது. நிரலில் ஒரு பிழையும் இல்லாமலே கட்டுமானம் நின்றுபோகும். பர்மாவிலிருந்து கப்பல் வராத காலத்தில் தேக்குத் தூண் தேடுகிறவர் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய சாமான் கடை கடையாக ஏறி இறங்குவதைப் போல, அந்த நூலகத்தை வேறு கிடங்கில் தேட வேண்டும், இல்லையென்றால் மாற்று வைத்து இழைக்க வேண்டும்.

எல்லாம் கூடி வந்தால் மற்றது மளமளவென்று நடக்கும். கோட்லின், ஜாவா மொழிகளில் எழுதிய நிரல்கள் கிளாஸ் கோப்புகளாகும். போன் அவற்றை அப்படியே ஓட்டாது என்பதால் டி8 என்ற கருவி போனுக்குப் புரியும் டெக்ஸ் வடிவத்துக்கு மாற்றும். படங்கள், திரை அமைப்புகள், எங்கள் 22 எல்லாம் இன்னொரு பக்கம் தயாராகி, சேர்ந்து ஏபிகே என்ற ஒரே பொதியாகும். அது ஒரு ஜிப் கோப்புதான், பிரித்தே பார்க்கலாம். கடைசியாக அதன்மேல், யார் கட்டியது என்று காட்டும் மின்னணுக் கையொப்பம் ஒன்று விழும்.

அந்தக் கையொப்பத்தில்தான் மறுபடி மாட்டினோம். ஆத்தா போனில் இருந்தது எழுதியவரின் கையொப்பம், எங்களுடையது எங்கள் லேப்டாப் தானாகப் போட்டது. பெயர் ஒன்றாக இருந்து கையொப்பம் வேறாக இருந்தால் ஆண்ட்ராய்டு ஒன்றன்மேல் ஒன்றை ஏற்றவிடாது. யாரோ கள்ளச் செயலியை நல்லதன்மேல் ஏற்றிவிடக் கூடாதே, நியாயமான காவல்தான். பழையதை நீக்கினால் ஆத்தா அடையாளம் வைத்த பதிகங்களும் போய்விடும். ஒவ்வொன்றாக நோட்டில் எழுதிக்கொண்டு, நீக்கி, புதியதை ஏற்றி, வீட்டு முகப்பில் உட்கார்ந்து அவர் சொல்லச் சொல்ல அண்ணன் மகன் மறுபடி அடையாளம் வைத்துக் கொடுத்தான்.