அடுக்குச் செம்பருத்தியில் தேன்சிட்டுக்கு என்ன குறை?

மன்னார்குடிப் பக்கத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருந்தார். வீட்டு வாசலில் ஒற்றைச் செம்பருத்தியும் அடுக்குச் செம்பருத்தியும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றனவாம், தேன்சிட்டு ஒற்றையைத்தான் சுற்றிச் சுற்றி வருகிறதாம், அவ்வளவு பெரிய பூவை விட்டுவிட்டுச் சின்னப் பூவுக்குப் போவானேன் என்பது கேள்வி. அடுக்குச் செடிக்குக் கண் பட்டுவிட்டது என்கிறாராம் மாமியார்.

கண்ணெல்லாம் படவில்லை. திருஷ்டி என்று சொன்னதும் கேள்வி அங்கேயே நின்றுவிடுகிறது, எனக்கு அதில்தான் வருத்தம். விடை அந்தப் பூவுக்குள்ளேயே இருக்கிறது, பிரித்துப் பார்க்க ஐந்து நிமிடம் போதும்.

முதலில் ஒற்றைப் பூ. ஐந்து இதழ், நடுவில் நீளமாக ஒரு தண்டு, அதைச் சுற்றி மஞ்சள் மஞ்சளாக மகரந்தப் பைகள், நுனியில் ஐந்து சின்னப் பொட்டாகச் சூல்முடி. தேன் சுரப்பது அடியில், புல்லிவட்டத்தின் உட்பக்கம். இதழ்களின் அடியிடுக்கில் அலகை விட்டால் தேன் கிடைத்துவிடும். இப்போது அடுக்குப் பூவை எடுத்து வெளியிலிருந்து ஒவ்வோர் இதழாக உரித்துக்கொண்டே போங்கள். உள்ளே போகப் போக இதழ் சிறுத்துக் கசங்கிப் போயிருக்கும், அவற்றில் ஏதாவது ஒன்றின் ஓரத்தில் ஒரேயொரு மஞ்சள் மகரந்தப் பை ஒட்டிக்கொண்டிருப்பதைப் பார்ப்பீர்கள். பாதி இதழ், பாதி மகரந்தத்தாள்! முதன்முதலில் அதைப் பார்த்த அன்று நான் வாசல்படியிலேயே உட்கார்ந்து ஏழெட்டுப் பூக்களைப் பிரித்துப் போட்டேன்.

அதாவது அந்த இதழ்கள் மகரந்தத்தாளாக வளர்ந்திருக்க வேண்டியவை. இது எப்படி நடக்கிறது என்பதற்கு 1991-இல் என்ரிகோ கோயன், எலியட் மெயரோவிட்ஸ் என்ற தாவர மரபியலாளர்கள் இருவரும் ஒரு விளக்கம் எழுதினார்கள், உயிரியலில் எனக்கு மிகவும் பிடித்த விளக்கம் அதுதான். பூவில் நான்கு வட்டங்கள் என்று பள்ளியில் படித்திருக்கிறோம்: புல்லி, அல்லி (அதாவது இதழ்), மகரந்தத்தாள், சூலகம். இந்த நான்கையும் தீர்மானிக்க மூன்றே வகை மரபணுக்கள், ஏ, பி, சி. ஏ மட்டும் வேலை செய்தால் புல்லி, ஏவும் பியும் சேர்ந்தால் அல்லி, பியும் சியும் சேர்ந்தால் மகரந்தத்தாள், சி மட்டும் என்றால் சூலகம். ஏவுக்கும் சிக்கும் ஆகாது, ஒன்று இருக்கும் இடத்தில் மற்றது தலைகாட்டாது. சிக்கு இன்னொரு வேலையும் உண்டு, ‘பூ முடிந்தது, இனி வளராதே’ என்று நிறுத்துவது. சரி, அந்த சி பழுதானால்? ஏ நடுப்பகுதிக்கும் பரவிவிடும், மகரந்தத்தாள் வரவேண்டிய இடத்தில் இதழ் வரும், நிறுத்தச் சொல்லவும் ஆள் இல்லை. அரபிடாப்சிஸ் என்ற சின்னக் கடுகுக் குடும்பச் செடியில் இதை அப்படியே காணலாம். புல்லி, அல்லி, அல்லி, மறுபடி புல்லி, அல்லி, அல்லி என்று பூவுக்குள் பூவாகப் போய்க்கொண்டே இருக்கும். ரோஜாவில் சி முழுதாகப் போய்விடவில்லை. அது வேலை செய்யும் பரப்பு நடுவை நோக்கிச் சுருங்கிவிட்டது, அதனால்தான் ஐந்திதழ்க் காட்டு ரோஜா கடையில் விற்கும் கொத்து ரோஜாவானது.

தேன்சிட்டின் பக்கத்திலிருந்து பார்த்தால் அடிக்குப் போகும் வழியை இதழ்க் கூட்டம் அடைத்துவிட்டது, அவ்வளவுதான். தேனீக்கு நஷ்டம் இன்னும் அதிகம், எடுத்துப்போக மகரந்தமே அநேகமாக இல்லை.

நிறம் மாறினாலும் விருந்தாளி மாறுவதுண்டு. வட அமெரிக்காவில் மிமுலஸ் என்றொரு செடி, இளஞ்சிவப்புப் பூ, வருவது தேனீ. கலப்பினம் செய்து, ஹம்மிங் பறவை தேடிவரும் அதன் சொந்தக்காரச் செடியிலிருந்து நிறத்தை ஆளும் ஒரே ஒரு மரபணுப் பகுதியை மட்டும் இதற்கு மாற்றிப் பார்த்தார்கள். பூ மஞ்சள் கலந்த ஆரஞ்சானது, ஹம்மிங் பறவையின் வருகை 68 மடங்கு கூடியது. 2003-இல் வந்த ஆய்வு இது.

நம் டெல்டாவில் கண்ணுக்கெட்டியவரை நெல், நெல்லுக்கோ விருந்தாளியே வேண்டாம், தன் மகரந்தத்தில் தானே மணி பிடித்துக்கொள்ளும். அதனால் இங்கே தேனீக்கும் தேன்சிட்டுக்கும் மிஞ்சுவது அறுவடைக்குப் பிந்தைய உளுந்தும் எள்ளும், அப்புறம் நம் கொல்லையும் வாசலும்தான். ஆடுதுறையில் 1922 முதல் நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, பெருமைதான். ஆனால் நம் வாசலில் பூக்கும் செம்பருத்தியையும் நந்தியாவட்டையையும் எந்தப் பூச்சி தேடி வருகிறது, எதை விட்டுப் போகிறது என்று உட்கார்ந்து எண்ணுகிற ஆராய்ச்சிக்கும் அரசு பணம் ஒதுக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன், அதற்குப் பெரிய கருவிகள்கூட வேண்டாம், பொறுமையான நான்கு மாணவர்களுக்கு உதவித்தொகை கொடுத்தால் போதும்.

அந்த வாசகிக்கு இதையெல்லாம் எழுதிவிட்டு, அடுக்குச் செடி எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். கும்பகோணத்தில் அக்கா வீட்டுச் செடியில் ஒடித்த போத்தாம், ஈரத்துணியில் சுற்றி பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாராம். அந்த அக்காவுக்கும் அது யாரோ ஒடித்துக் கொடுத்த போத்துதானாம்.