1540 வாங்கியாச்சு, இன்னொரு தடவை எழுத வேண்டுமா?

பிளாஸ்டிக் ஃபைலில் மகனுடைய மார்க் ஷீட்டுகளை அடுக்கி எடுத்துக்கொண்டு ஓர் அப்பா வந்திருந்தார். எல்லாவற்றுக்கும் மேலே, அமெரிக்கக் கல்லூரிகளில் சேர எழுதும் எஸ்ஏடி தேர்வின் ரிப்போர்ட். 1600-க்கு 1540. கணக்கில் 790, ஆங்கிலப் பகுதியில் 750. "அக்டோபர்ல இன்னொரு தடவை எழுத வைக்கலாம்னு இருக்கோம் மேடம். 1580 வந்துட்டா எம்ஐடி கிடைச்சுடும்ல?" என்று கேட்டார். அவர் சொன்னது அமெரிக்காவில் இருக்கும் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தை. பக்கத்தில் இருந்த பையன் வாய் திறக்கவில்லை. அவன் ஏற்கெனவே மூன்று முறை எழுதியிருந்தான்.

அமெரிக்காவில் இளங்கலை படிக்க விரும்பும் பிள்ளைகளுக்கு வழிகாட்டுவது என் தொழில். இந்தக் கேள்வியை ஒவ்வொரு வருடமும் கேட்கிறேன். கேட்பவர்களைக் குறை சொல்ல முடியாது. நம் ஊரில் பொறியியல் கவுன்சிலிங் என்றால் கணக்குக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50, மொத்தம் 200. அதில் அரை மார்க் குறைந்தால் கல்லூரியே மாறிப் போகும். நீட்டிலும் அதே கதைதான். மார்க்கை வைத்து வரிசை, வரிசையை வைத்து சீட். இந்தப் பழக்கத்தில் வளர்ந்த நமக்கு 1580 என்பது 1540-க்கு முன்னால் நிற்கும் ஆள் என்றே தோன்றும்.

அங்கே அப்படி ஒரு வரிசையே போடுவதில்லை. விண்ணப்பத்தைக் கையில் எடுக்கும் அதிகாரி முதலில் பார்ப்பது, இந்தப் பிள்ளையால் இங்கே வந்து படிப்பைத் தாக்குப்பிடிக்க முடியுமா என்பதை. ஒன்பதாம் வகுப்பிலிருந்து வாங்கிய மதிப்பெண்கள், எடுத்த பாடங்கள், பள்ளி எப்படிப்பட்டது என்கிற குறிப்பு, இவற்றோடு எஸ்ஏடி ஸ்கோரையும் சேர்த்துப் பார்ப்பார். 'முடியும்' என்று தெரிந்துவிட்டால் ஸ்கோரின் வேலை கிட்டத்தட்ட முடிந்தது. ஆனால் 'முடியும்' என்ற பக்கத்தில் நிற்பவர்கள் இருக்கிற இடங்களைவிடப் பல மடங்கு அதிகம். 2024-இல் ஹார்வர்டுக்கு சுமார் 54,000 பேர் விண்ணப்பித்தார்கள், இடம் கிடைத்தது 2,000-க்கும் குறைவானவர்களுக்கு. அதற்குப் பிறகு பேசுவது ஆசிரியர்களின் கடிதம், கட்டுரை, பிள்ளை தானாக விரும்பிச் செய்த காரியம்.

கொரோனா காலத்தில் கட்டாயமில்லை என்று விட்டிருந்த ஸ்கோரை எம்ஐடி 2022 மார்ச்சில் மறுபடி கட்டாயமாக்கியபோது காரணத்தையும் வெளிப்படையாகச் சொன்னது. அங்கே எந்தத் துறையில் சேர்ந்தாலும் இரண்டு செமஸ்டர் கால்குலஸ், இரண்டு செமஸ்டர் இயற்பியல் படித்தே தீர வேண்டும். அதற்கு அடித்தளம் இருக்கிறதா என்று பார்க்கத்தான் ஸ்கோர். முழு மதிப்பெண் வாங்கியவர் என்பதற்காகத் தனிச் சலுகை கிடையாது என்பதையும் அதே அறிக்கையில் சொன்னார்கள்.

அந்த அப்பாவிடம் ரிப்போர்ட்டை வாங்கி, மொத்த ஸ்கோருக்குக் கீழே சின்ன எழுத்தில் இருந்ததைக் காட்டினேன். இதே பிள்ளை இன்னொரு நாள் எழுதினால் எந்த எல்லைக்குள் வரலாம் என்று அங்கே போட்டிருக்கும். முன்னும் பின்னும் சுமார் 40 புள்ளி. 1540-க்கும் 1580-க்கும் நடுவில் இருப்பது சில கேள்விகள்தான், அன்றைய தூக்கமும் பதற்றமும்கூட அதை மாற்றிவிடும். தேர்வை நடத்தும் அமைப்பே சொல்கிற விஷயம் இது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு இரண்டு முறை படித்தார்.

அப்படியானால் ஸ்கோரே தேவையில்லையா? இந்தப் பக்கம் சாய்ந்து ஏமாறுகிறவர்களும் நிறைய. கொரோனா காலத்தில் தேர்வு மையங்கள் மூடியதால் 2020-இல் பெரும்பாலான கல்லூரிகள் 'விருப்பம் இருந்தால் அனுப்புங்கள்' என்றன. அந்தச் செய்தியை மட்டும் பிடித்துக்கொண்டு இன்றைக்கும் வருகிறார்கள். டார்ட்மத், யேல், பிரவுன், ஹார்வர்டு, கால்டெக் எல்லாம் 2024-இல் மறுபடி தேர்வு மதிப்பெண் வேண்டும் என்று அறிவித்துவிட்டன. யேல் போன்ற இடத்தில் எஸ்ஏடிக்குப் பதிலாக ஏபி (பள்ளியில் படிக்கும்போதே எழுதும் கல்லூரி நிலைத் தேர்வு), ஐபி (ஒரு சர்வதேசப் பாடத்திட்டம்) மதிப்பெண்களையும் ஏற்கிறார்கள். கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் நேர் எதிர். பெர்க்லி, யுசிஎல்ஏ உட்பட அதன் எந்த வளாகத்திலும், நீங்கள் ஸ்கோர் அனுப்பினாலும் சேர்க்கை முடிவுக்கு அதைப் பார்க்கவே மாட்டார்கள். அதனால் விண்ணப்பிக்கும் வருடத்தில் அந்தந்தக் கல்லூரியின் தளத்திலேயே விதியைப் படியுங்கள். பக்கத்து வீட்டு அண்ணன் மூன்று வருடம் முன்பு செய்ததை வைத்து முடிவு எடுக்காதீர்கள்.

டார்ட்மத் முடிவெடுக்கும் முன் தன் பேராசிரியர்களைக் கொண்டு ஓர் ஆய்வு செய்தது. வசதி குறைந்த பின்னணியிலிருந்து வந்த பிள்ளைகள் 1400-க்கு மேல் வாங்கியிருந்தும், குறைவு என்று நினைத்து அனுப்பாமல் மறைத்திருந்தார்கள். அனுப்பியிருந்தால் அது அவர்களுக்கு உதவியிருக்கும். இதைப் படித்தபோது எனக்கு விருதுநகர் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண் ஞாபகம் வந்தது. மாநிலப் பாடத்திட்டத்தில் படித்தவள். அவள் பள்ளியில் அதுவரை யாரும் எஸ்ஏடி எழுதியதில்லை. முதல் நாள் இரவே பஸ் ஏறி, தேர்வு மையத்துக்குப் பக்கத்தில் சித்தி வீட்டில் தங்கி எழுதினாள். ஸ்கோர் 1430. தான் விரும்பிய கல்லூரியில் சேர்ந்தவர்களின் ஸ்கோர் 1500-க்கு மேல் என்று பார்த்ததும், "வேண்டாம் மேடம், அனுப்பினா அசிங்கம்" என்றாள்.

நான் அனுப்பச் சொன்னேன். பன்னிரண்டாம் வகுப்பில் 600-க்கு 590 என்பதை டார்ட்மத் இருக்கும் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் உட்கார்ந்திருக்கும் ஒருவர் எப்படி எடை போடுவார்? அந்தப் பள்ளியின் பெயரையே அவர் கேள்விப்பட்டிருக்க மாட்டார். அவருக்குத் தெரிந்த ஒரே அளவுகோல் எஸ்ஏடி. கோச்சிங் இல்லாத ஊரிலிருந்து வரும் 1430-ஐயும், நகரத்து இன்டர்நேஷனல் பள்ளியிலிருந்து வரும் 1430-ஐயும் அவர்கள் ஒன்றாகப் படிப்பதில்லை. அவளுக்கு ஒரு கல்லூரியில் இடமும் உதவித்தொகையும் கிடைத்தன. ஸ்கோரால்தான் கிடைத்தது என்று நான் சொல்ல மாட்டேன். மறைத்திருந்தால் அவளைப் பற்றி நம்பகமாகப் பேச ஒரு சாட்சி குறைந்திருக்கும்.

எந்த ஸ்கோரில் நிறுத்தலாம் என்பதற்கு நான் பயன்படுத்தும் வழி எளிது. கல்லூரியின் பெயரோடு 'காமன் டேட்டா செட்' என்று கூகுளில் தேடினால் அந்தக் கல்லூரியே வெளியிட்ட ஆவணம் வரும். அதில் சி7 என்ற அட்டவணை, எதெதற்கு எவ்வளவு முக்கியத்துவம் தருகிறார்கள் என்று சொல்லும். சி9 பகுதியில், சேர்ந்த மாணவர்களின் ஸ்கோர் எந்த இடைவெளியில் இருக்கிறது என்று இருக்கும். பிள்ளையின் ஸ்கோர் அதன் நடுவை எட்டிவிட்டால் போதும், அதோடு எஸ்ஏடி புத்தகத்தை மூடிவிடச் சொல்வேன். கீழ் எல்லைக்கும் நடுவுக்கும் இடையில் இருந்தால், நேரம் இருக்கும் பட்சத்தில் இன்னொரு முறை எழுதலாம். ஒரு விஷயம் மட்டும் கவனியுங்கள்: விருப்பம் இருந்தால் அனுப்பலாம் என்ற கல்லூரிகளில் நல்ல ஸ்கோர் வாங்கியவர்கள்தான் அனுப்பியிருப்பார்கள். அந்த எண்கள் கொஞ்சம் வீங்கித்தான் தெரியும்.

சில இடங்களில் 20 புள்ளிக்கு உண்மையிலேயே பண மதிப்பு உண்டு. அலபாமா பல்கலைக்கழகம் போன்ற சில அரசுப் பல்கலைக்கழகங்கள், ஸ்கோரையும் பள்ளி மதிப்பெண்ணையும் அட்டவணையில் பொருத்தி உதவித்தொகை கொடுக்கின்றன. ஒரு படிக்கு 10 புள்ளி குறைவாக நின்றால், அங்கே மறுபடி எழுதுவது சரியான முடிவு.

அப்புறம், பணம். இதைப் பெற்றோர் கடைசியில்தான் பேசுகிறார்கள், முதலில் பேச வேண்டியது. வெளிநாட்டு மாணவர் கட்டண உதவி கேட்டாலும் அதைக் கணக்கில் எடுக்காமல் முடிவு செய்யும் கல்லூரிகள் கைவிரல் விட்டு எண்ணும் அளவுதான். ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், எம்ஐடி, டார்ட்மத், ஆம்ஹெர்ஸ்ட் அந்த வகை. மற்ற பெரும்பாலான இடங்களில் உதவி கேட்பதே வாய்ப்பைக் குறைக்கும். 1570 வாங்கிய பிள்ளைக்கு மறுப்பு வரும்போது, "இன்னும் பத்து மார்க் வாங்கியிருக்கலாம்" என்று வீட்டில் யாராவது சொல்லிவிடுகிறார்கள். அந்தப் பிள்ளை அதை நம்பிவிடுகிறது. முடிவு வருவதற்கு முன்பே, விண்ணப்பிக்கும்போதே, இந்தக் கணக்கை அவர்களுக்குச் சொல்லிவிடுங்கள். இதை ரொம்ப வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன்.

அந்தப் பையனிடம், படிப்பைத் தவிர என்ன செய்வாய் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் அப்பாவைப் பார்த்துவிட்டு, தெருவில் இருக்கும் ஐந்து கிணறுகளின் தண்ணீர் மட்டத்தை இரண்டு வருடமாகக் குறித்து வைப்பதாகச் சொன்னான். கயிற்றில் அடிக்கு ஒரு முடிச்சுப் போட்டு, ஞாயிற்றுக்கிழமை தோறும் இறக்கிப் பார்ப்பானாம். ஃபைலில் அதைப் பற்றி ஒரு தாள்கூட இல்லை.

அக்டோபர் தேர்வுக்குப் பதியவில்லை. அடுத்த சனிக்கிழமை அந்த நோட்டோடு வந்தார்கள். நூறு பக்க நோட்டு, ஓரம் ஈரத்தில் உப்பியிருந்தது. பக்கத்துக்கு ஒரு தேதி, ஐந்து கிணறுக்கு ஐந்து எண். மே, ஜூன் மாதத்துக்கான பக்கங்களில் தேதி மட்டும் எழுதியிருந்தது. அந்த இரண்டு மாதமும் ஞாயிற்றுக்கிழமைகளில் கோச்சிங் கிளாஸ் இருந்தது என்றான்.