மின் பகிர்மானச் சீரமைப்புத் திட்டம்: எந்த நிபந்தனையில் பணம் வருகிறது?

இந்தியாவில் வீட்டுக்கும் வயலுக்கும் மின்சாரத்தைக் கொண்டு சேர்ப்பவை பெரும்பாலும் மாநில அரசுகளின் மின் பகிர்மானக் கழகங்களே. நுகர்வோர் செலுத்தும் பணம் துறைக்குள் நுழையும் வாசலும் அவைதான். அங்கே வசூல் குறைந்தால் உற்பத்தி நிலையங்களுக்கான பாக்கி ஏறும். பழுதான கம்பிகளையும் மின்மாற்றிகளையும் மாற்றப் பணம் இராது. அதனால் இழப்பு மேலும் கூடும். 2015-இல் வந்த உதய் திட்டம், கழகங்களின் கடனில் 75 சதவீதத்தை மாநில அரசுகள் ஏற்க வழிசெய்தது. கடன் கைமாறியதே தவிர, கடன் சேர்வதற்கான காரணங்கள் பல மாநிலங்களில் அப்படியே இருந்தன.

ஆர்.டி.எஸ்.எஸ். எனப்படும் மறுசீரமைக்கப்பட்ட பகிர்மானத் துறைத் திட்டத்துக்கு 2021-இல் ஒன்றிய அரசு ஒப்புதல் அளித்தது. மொத்த மதிப்பீடு 3,03,758 கோடி ரூபாய். அதில் ஒன்றிய அரசின் பங்கு 97,631 கோடி. ஒட்டுமொத்தத் தொழில்நுட்ப, வணிக இழப்பை நாட்டளவில் 12 முதல் 15 சதவீதமாகக் குறைப்பதும், ஒரு யூனிட்டை வழங்க ஆகும் செலவுக்கும் அதனால் வரும் வருவாய்க்கும் இடையிலான பள்ளத்தை மூடுவதும் 2024-25-க்கு வைக்கப்பட்ட இலக்குகள்.

இந்த இழப்பை ஒரு கணக்கில் காணலாம். கழகம் 100 யூனிட் பெற்று 85 யூனிட்டுக்கு மட்டும் பட்டியல் இடுகிறது. பட்டியல் தொகையில் 94 சதவீதம் வசூலாகிறது. அப்படியானால் உண்மையில் காசானது 79.9 யூனிட், இழப்பு 20.1 சதவீதம். இந்த இழப்பு எந்தத் தெருவில் நேர்கிறது என்று தெரியாமல் இருப்பதுதான் நிர்வாகத்தின் பெருஞ்சிக்கல்.

ஆகவே, பலரும் பேசும் வீட்டு ஸ்மார்ட் மீட்டரைவிட (முன்பணம் செலுத்திப் பயன்படுத்தும், அளவீட்டைத் தானே அனுப்பும் ப்ரீபெய்டு மீட்டர்), மின்மாற்றியிலும் ஃபீடரிலும் (துணைமின் நிலையத்திலிருந்து பல மின்மாற்றிகளுக்கு மின்சாரம் கொண்டு செல்லும் வழித்தடம்) பொருத்தப்படும் மீட்டரையே இத்திட்டத்தின் உயிர்நாடியாக நான் கருதுகிறேன். ஒரு மின்மாற்றி ஒரு மாதத்தில் 12,000 யூனிட் வெளியே அனுப்ப, அதன் கீழுள்ள 80 வீடுகளின் அளவீடுகளைக் கூட்டினால் 9,600 மட்டுமே வருகிறது என்று வைத்துக்கொள்வோம். காணாமற்போன 2,400 யூனிட்டில் ஒரு பகுதி கம்பியில் வெப்பமாகப் போயிருக்கும். மீதி, ஓடாத மீட்டர்களிலும் கொக்கி போட்டு எடுத்த இணைப்புகளிலும் இருக்கும். மின்மாற்றியில் மீட்டர் இல்லையென்றால் இந்த 2,400 மாநிலத்தின் மொத்த இழப்பில் கரைந்துவிடும். எந்த அலுவலரும் அதற்குப் பதில் சொல்ல வேண்டியிராது. சிதறிக் கிடக்கும் விவசாய இணைப்புகளுக்கு இத்திட்டத்தில் ப்ரீபெய்டு மீட்டர் இல்லை. ஃபீடர் அளவிலேயே அவற்றின் பயன்பாடு அளக்கப்படும்.

நிதி தானாக வந்துவிடாது. தணிக்கை செய்த கணக்குகளைக் கழகம் உரிய காலத்தில் வெளியிட வேண்டும். மாநில அரசு தான் அறிவித்த மானியத்தைச் செலுத்த வேண்டும். அரசுத் துறைகள் தங்கள் மின்கட்டணப் பாக்கியைத் தீர்க்க வேண்டும். இவற்றுக்குப் பிறகே, நிதி கிடைப்பதைத் தீர்மானிக்கும் செயல்பாட்டு மதிப்பெண் கணக்கிடப்படும். மானியத்தை முன்கூட்டியே செலுத்த வேண்டும் என்பது மின்சாரச் சட்டம் 2003-இன் 65ஆம் பிரிவிலேயே உள்ள கடமை. இலவசமோ சலுகையோ அறிவிப்பது அரசின் உரிமை. அதற்கான தொகையைக் கழகத்தின் தலையில் கடனாக ஏற்றுவது அநீதி.

நுகர்வோருக்கும் சில உரிமைகள் உண்டு. ப்ரீபெய்டு மீட்டரில் மின்சாரம் பெற முன்வருபவரிடம், மின்கட்டணத்துக்கான காப்பு வைப்புத்தொகையைக் கேட்க அதே சட்டத்தின் 47ஆம் பிரிவின்படி கழகத்துக்கு உரிமை இல்லை. ஸ்மார்ட் மீட்டர் பொருத்திய பின் அதில் பதிவாகும் உச்ச மின்தேவையை (ஒரே நேரத்தில் இழுக்கும் அதிகபட்ச மின்சுமை) காட்டி, பொருத்துவதற்கு முந்தைய காலத்துக்கு அபராதம் விதிக்கக் கூடாது என்று 2023-இல் திருத்தப்பட்ட நுகர்வோர் உரிமை விதிகள் கூறுகின்றன. அளவீடு உண்மையான பயன்பாட்டோடு பொருந்தவில்லை என்று புகார் அளித்தால், கழகம் ஐந்து நாட்களுக்குள் கூடுதல் மீட்டர் ஒன்றைப் பொருத்தி, குறைந்தது மூன்று மாதங்கள் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்பது 2024 திருத்தம். புகாரை எழுத்தில் கொடுத்து, தேதியிட்ட ஒப்புகையைப் பெற்றுக்கொள்வது நல்லது. அந்த ஐந்து நாள் புகார் பெறப்பட்ட நாளிலிருந்தே தொடங்குகிறது.