பிரிம்: விளிம்பா, மடலா?

அமெரிக்கத் தீயணைப்பு வீரர்களின் தோல் தலைக்கவசத்தைப் பற்றித் தமிழில் எழுத உட்கார்ந்தால் முதலில் இடறுவது 'பிரிம்' (brim) என்ற ஆங்கிலச் சொல்தான். அகராதிகள் 'விளிம்பு' என்கின்றன. விளிம்பு ஒரு பொருள் முடியும் கோடு. பிரிமோ கவசத்திலிருந்து வெளியே நீளும் தோல்பரப்பு. அதற்கே தனியாக ஒரு விளிம்பு உண்டு. 'விளிம்பின் விளிம்பில் வண்ணம் பூசுக' என்று எழுதிப் பாருங்கள், சிக்கல் புரியும்.

ஆங்கிலத்தில் இச்சொல் முதலில் நீர்க்கரையைக் குறித்தது. பிறகு கோப்பையின் வாய்க்கு வந்து, தொப்பிக்கும் ஏறியது. நம் 'கரை'யும் இப்படித்தான் ஆற்றை விட்டு வேட்டிக்கு வந்தது. ஆனால் வேட்டிக்கரை துணிக்குள் அடங்கும், வெளியே நீளாது. அதனால் 'மடல்' என்பதே பொருத்தம். காதுமடல், தாழைமடல் என்று, ஒரு பக்கம் ஒட்டி மறுபக்கம் விரிவதற்கு நம்மிடம் ஏற்கெனவே இருக்கும் சொல் அது. முன்மடல், பக்கமடல், பின்மடல், மடலோரம் என்று பிரித்துச் சொல்லவும் வசதி.

நியூயார்க்கில் பயணப்பெட்டி செய்துவந்த ஹென்றி கிராட்டகாப் 1830களில் இக்கவசத்துக்கு வடிவம் தந்தார். தீயணைக்கப் பீய்ச்சும் நீர் கழுத்துக்குள் இறங்காமல் முதுகுக்கு அப்பால் வடியவே பின்மடல் நீளம். தட்டையான வாலுள்ள பீவர் என்ற நீர்விலங்கை வைத்து 'பீவர் வால்' என்றும் அதைச் சொல்வார்கள்.

வீரர்கள் மடலைத் தம் விருப்பத்துக்கு வளைத்துக்கொள்வது பழைய வழக்கம். இதை 'மடிப்பு' என்று எழுதக் கூடாது. மடித்தால் தோலின் நார் முறியும், வேண்டியது வளைவு. பக்கமடல்களை மேலே சுருட்டுவது ஒரு பாணி, முன்மடலையும் பின்மடலையும் கீழே தாழ்த்துவது இன்னொன்று. இரண்டையும் சேர்த்துச் செய்வோரும் உண்டு. பக்கங்கள் உயர்ந்தால் அவை வாய்க்கால் போலாகி நீரைப் பின்னே தள்ளும். அப்போது பின்மடல் தாழ்ந்தே இருக்க வேண்டும். அதையும் தூக்கிவிட்டால் நீர் நேரே காலருக்குள்தான் போகும்.

பணியில் அணியும் கவசமானால், தயாரிப்பாளரின் கையேடு இப்படி வளைப்பதை அனுமதிக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். மாற்றம் செய்தால் பாதுகாப்புச் சான்று செல்லாமல் போகலாம். உள்ளுறை, தாடைவார், கண்காப்பு, முன்பட்டயம் (கவசத்தின் முன்புறம் பொருத்தும் அடையாளச் சின்னம்) எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, மடலை மட்டும் கை பொறுக்கும் வெந்நீரில் நனைக்க வேண்டும். கொதிநீர் ஆகவே ஆகாது; தோல் சுருங்கி விறைத்துப் போகும், பழைய நிலைக்குத் திரும்பாது. கட்டைவிரலால் அழுத்தும்போது மடல் இணங்கினால் பதம் வந்துவிட்டது. காய்ந்ததும் தோல் சற்று விரிந்துகொடுக்கும். ஆகவே வேண்டிய அளவைவிடக் கொஞ்சம் கூடுதலாக வளைத்து, அகலமான பருத்தித் துணிப்பட்டையால் கட்ட வேண்டும். மெல்லிய கயிறு கட்டினால் தழும்பு விழும். நிழலில் இரண்டு நாளாவது காயட்டும். அவசரப்பட்டு ஹீட்டர் முன் வைத்தால் மேற்பரப்பு முந்திக் காய்ந்து வெடிக்கும். வளைவின் முதுகில் வண்ணப்பூச்சு மயிரிழையாக விரிசல் விட்டிருந்தால் அங்கே மறுபடி பூச வேண்டும். விட்டுவிட்டால் அடுத்த தீயில் அந்த வழியாகவே நீர் தோலுக்குள் இறங்கும்.