இரண்டு கரண்டியிலேயே தீர்ப்பா?

"பிள்ளை மரக்கறி தொடுறானே இல்லை டொக்டர்." இந்த முறைப்பாட்டோடு கிளினிக்குக்கு வருகிற பிள்ளைக்குப் பெரும்பாலும் இரண்டரை, மூன்று வயது. சாப்பாடு தொடங்கின காலத்தை விசாரித்தால் விடை ஒரே மாதிரித்தான். ஏழாம் மாதம் கீரை கொடுத்தோம், முகத்தைச் சுழித்தான், துப்பினான், விட்டுவிட்டோம். எத்தனை தரம் கொடுத்தீர்கள்? இரண்டு தரம். அதற்குப் பிறகு பாலில் ஊறின விசுக்கோத்தும் சீனி போட்ட ரவைக்கஞ்சியும்தான்.

துப்பினால் பிடிக்கவில்லை என்று யார் சொன்னது? ஆறு மாதப் பிள்ளையின் நாக்கு வாய்க்குள் வருவதை வெளியே தள்ளும். பால் மட்டும் குடித்த காலத்தின் மிச்சம் அது. குழைந்த சோற்றையும் அப்படித்தான் தள்ளுகிறது, ஆனால் சோற்றை ஒருவரும் நிறுத்துவதில்லை. முகச்சுழிப்பும் அப்படியே. இனிப்பை விரும்புவதும் கைப்புக்கு முகம் கோணுவதும் பிறவியிலேயே வருவன. கோணின முகத்தோடேயே அடுத்த கரண்டிக்கு வாய் திறக்கும் பிள்ளைகள் எத்தனையோ. முகத்தைப் பார்க்காதீர்கள், வாயைப் பாருங்கள்.

2007இல் வெளியான ஓர் ஆய்வில், "இதை இனிக் கொடுக்கவே மாட்டோம்" என்று தாய்மார் ஒதுக்கிய மரக்கறியையே ஏழு மாதப் பிள்ளைகளுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் கொடுத்தார்கள். எட்டாம் தரம் வரும்போது பெரும்பாலான பிள்ளைகள் தமக்குப் பிடித்த மரக்கறியின் அளவுக்கு அதையும் சாப்பிட்டார்கள். ஒன்பது மாதம் கழித்தும் 63 வீதமானோர் அதை விடவில்லை. எட்டுத் தரம்! நாங்கள் இரண்டில் நிற்கிறோம்.

சுவைப் பழக்கம் சோறூட்டும் நாளுக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. தாய் சாப்பிடுவதின் மணம் தாய்ப்பாலில் வரும். உள்ளி சாப்பிட்டு ஏறத்தாழ இரண்டு மணித்தியாலத்தில் பாலில் அதன் மணம் கூடுதலாக இருக்கும், அந்தப் பாலைப் பிள்ளை வெறுப்பதும் இல்லை. பிள்ளை பெற்ற தாய்க்குக் கொடுக்கும் எங்கள் சரக்குக்கறி அந்த வகையில் நல்லதே. ஆனால் "பத்தியம்" என்று மாதக்கணக்காகக் கீரையையும் பழத்தையும் தாய்க்கு மறுக்கும் அம்மம்மாமார் தயவுசெய்து அதை விடவேண்டும்.

ஆறு மாதம் முடிந்ததும் செய்ய வேண்டியது இதுதான். ஒரு பிடி முருங்கையிலையையோ பொன்னாங்காணியையோ மெதுவாக அவித்து, கரண்டியால் மசித்து, ஒரு சொட்டுத் தேங்காய்ப்பால் விடுங்கள். உப்பும் சீனியும் வேண்டாம். குழைத்த சோற்றுக்குப் பக்கத்தில் தனியாக வையுங்கள். சோறு, பருப்பு, கரட், உருளைக்கிழங்கு எல்லாவற்றையும் ஒன்றாய் அவித்து அரைத்தால் பிள்ளைக்குத் தெரிவது ஒரே சுவை. பிறகு கரட்டைத் தனியே கண்டால் அந்நியம்தான். முதல் நாள் அரைத் தேக்கரண்டி போதும். பால் குடித்து இரண்டு மணித்தியாலமாவது கழிந்து, பசியும் விழிப்பும் உள்ள நேரமாகப் பாருங்கள். தலையைத் திருப்பினால் நிறுத்துங்கள், ஒருநாள் விட்டு அதையே திரும்பக் கொடுங்கள். பத்துத் தரமாவது கொடுத்துப் பார்க்காமல் "பிடிக்காது" என்ற சொல் வீட்டில் வேண்டாம், அதுவும் பிள்ளைக்குக் கேட்க.

காலில் கிடத்தி, மூக்கைப் பொத்தி ஊட்டுவது இன்றைக்கும் நடக்கிறது. கூடவே கூடாது. பயத்தோடு விழுங்கின கீரையை அந்தப் பிள்ளை பிறகு தேடுமா? ஃபோனைக் காட்டி ஊட்டினால் என்ன சாப்பிட்டது என்றே பிள்ளைக்குத் தெரியாது.

மிக்சியை எட்டாம் மாதத்தோடு தூக்கி வையுங்கள். ஒன்பது, பத்து மாதத்துக்குள் கட்டியான சாப்பாடு பழகாத பிள்ளைகள் பின்னாளிலும் மரக்கறியும் பழமும் குறைவாகவே சாப்பிடுகிறார்கள். சொதியில் ஊறின இடியப்பம், மசித்த மீன், முட்டை எல்லாம் கொடுக்கலாம். ஓங்காளித்தால் பதறவேண்டாம், சத்தத்தோடு இருமுவது பிள்ளை தன்னைக் காத்துக்கொள்வது. சத்தமே வராமல் மூச்சுத் திணறினால்தான் ஆபத்து. முழுக் கச்சான், முழுத் திராட்சை கொடுக்காதீர்கள். ஒரு வயதுவரை தேனும் வேண்டாம், நாக்கில் தடவக்கூட.

ஏற்கெனவே மூன்று வயதாகிவிட்டதா? இரண்டு வயதுக்குப் பிறகு புதிய சாப்பாட்டைக் கண்டு பயப்படுவது இயல்பு, அதனால் கூடுதல் தரம் தேவைப்படும். பாலை ஒருநாளைக்கு 500 மில்லிலீற்றருக்கு மேல் போகவிடாதீர்கள், வயிறு நிறைந்த பிள்ளை எதையும் தொடாது. அதே கீரையை அம்மாவும் அப்பாவும் பக்கத்திலிருந்து சாப்பிடுங்கள்.

வளர்ச்சிப் பதிவேட்டில் நிறைக் கோடு கீழே இறங்கினாலோ, ஒரு வயதாகியும் கட்டி எதையும் விழுங்க முடியாவிட்டாலோ, ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் புரையேறினாலோ வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்லி, அந்தப் பதிவேட்டோடு பிள்ளையைக் கிளினிக்குக்குக் கொண்டுவாருங்கள்.