எங்க மனே நிக்கிறாய்?

மட்டக்களப்பில் பதினான்கு வருடமாக இயன்மருத்துவராக வேலை செய்கிறேன். பிசியோ மிஸ் என்றால்தான் எங்கள் பக்கத்துச் சனத்துக்கு விளங்கும். டொக்டர்மார் எலும்பைப் பொருத்தி, காயத்தைத் தைத்து, வார்டிலிருந்து துண்டு வெட்டி அனுப்பிய பிறகு நான் பார்க்கத் தொடங்குகிறேன். விபத்து ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும், அதற்குப் பிறகு வரும் மாதங்கள் என் அறையில் கழியும்.

மடங்காத முழங்காலை மடக்கிப் பழக்கும்போது ஆட்கள் நிறையக் கதைப்பார்கள். வலியை மறக்க வேண்டுமே. பொலிசுக்குச் சொல்லாத கதையெல்லாம் அப்போது வெளியே வரும். முறைப்பாட்டில் "மாடு குறுக்கால வந்துட்டு" என்று இருக்கும், மூன்றாம் நாளோ நான்காம் நாளோ என்னிடம் "போன் அடிச்சது மிஸ், யாரெண்டு பார்த்தன்" என்று சொல்வார்கள். சரி, யார் அழைத்தது என்று கேட்பேன். அம்மா. மனிசி. வெளிநாட்டில் இருக்கிற அப்பா. அடுத்த வகுப்புக்கு இடம் பிடித்து வைத்த கூட்டாளி. முன்பின் தெரியாத ஒருவரின் அழைப்பைப் பார்க்கப்போய் விழுந்தேன் என்று சொன்னவர்கள் மிகக் குறைவு. அதனால்தான் இதை ஓட்டுகிறவர்களுக்கு மட்டுமல்லாமல், வீட்டிலிருந்து போன் எடுக்கிறவர்களுக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

ஒரு பொடியனைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஊரையும் அடையாளத்தையும் மாற்றியிருக்கிறேன். ஏ.எல். படிக்கிறவன், லைசன் எடுத்து மூன்று மாதம். ரியூசன் முடிந்து கல்முனை வீதியால் ஸ்கூட்டரில் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தான், நேரம் மாலை ஏழு மணி இருக்கும். அப்பா கட்டாரில். அங்கே நேரம் நம்மைவிட இரண்டரை மணித்தியாலம் பின்னால், அவர் வேலை முடிந்து அறைக்கு வந்து போனைக் கையில் எடுக்கும் நாலரை மணி, இங்கே ஏழு மணி. ரியூசன் விடுகிற நேரம், இருட்டிவிட்ட நேரம், சந்தைக்குப் போனவர்களும் வேலை முடிந்தவர்களும் ஒரே வீதியில் நெருக்குகிற நேரம். காத்தான்குடி, ஏறாவூர்ப் பிள்ளைக்கு வாப்பா அழைப்பார், ஆரையம்பதி, களுவாஞ்சிக்குடிப் பிள்ளைக்கு அப்பா அழைப்பார், நேரம் எல்லா வீட்டுக்கும் ஒன்றுதான். எடுக்காமல் விட்டால் அப்பா யோசிப்பார் என்று பிள்ளை உடனே எடுக்கும். அவனும் எடுத்தான்.

இடது கையால் போனை எடுத்தான். ஸ்கூட்டரில் இடது கைப்பிடியில் இருப்பது பின் பிரேக். அந்தக் கை போனில் இருந்தால் மிஞ்சுவது வலது கையில் உள்ள முன் பிரேக் மட்டும். வீதியோரத்தில் கடற்கரை மணல் படிந்திருக்கிற இடம், முன்னால் ஒரு சைக்கிள் திரும்பியது, அவன் முன் பிரேக்கை மட்டும் இறுக்கிப் பிடித்தான், சில்லு மணலில் சறுக்கியது. விழுந்தது வலது தோளில். தோள் நிலத்தில் அடிபட, ஹெல்மெட் போட்ட தலை மற்றப் பக்கம் இழுபட, கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் இருந்து கைக்கு இறங்கும் நரம்புக் கொத்து நைந்துபோனது. பிரேக்கியல் பிளெக்சஸ் என்று நாங்கள் சொல்வோம், மோட்டார் சைக்கிளில் விழுகிறவர்களிடம் அதிகம் பார்க்கிற காயம். எலும்பு எதுவும் முறியவில்லை. தாய் எக்ஸ்ரேயைக் காட்டி "ஒண்டும் உடையல்லதானே மிஸ், பிறகேன் கை தூக்குறான் இல்ல" என்று என்னிடம் கேட்டபோது எனக்கு உடனே வாய் வரவில்லை.

நரம்பு திரும்ப வளருகிற வேகம் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1 மில்லிமீற்றர். கழுத்தடியிலிருந்து விரல் நுனி வரை 70 சென்டிமீற்றருக்குக் குறையாது, கணக்குப் போட்டுப் பாருங்கள், கிட்டத்தட்ட இரண்டு வருடம். நரம்பு வந்து சேரும் வரை தசை அப்படியே காத்திருக்கவும் மாட்டாது. ஒன்று, ஒன்றரை வருடத்தில் மெலிந்து சுருங்கி, பிறகு நரம்பு வந்தாலும் பயனில்லை என்ற நிலைக்குப் போய்விடும். ஆகவே தோளும் முழங்கையும் தேறினாலும், பேனை பிடிக்கிற விரல்கள் தேறுவது கடினம். முள்ளந்தண்டிலிருந்தே நரம்பு பிய்ந்திருந்தால் தானாக வளராது, மாதக்கணக்கில் தாமதிக்காமல் சத்திரசிகிச்சைக்குப் போக வேண்டும். விழுந்தவரின் கை தொங்கிப்போய், உணர்வில்லாமல் இருந்தால், எலும்பு சரி என்று சொல்லி வீட்டில் எண்ணெய் போட்டு உருவிக்கொண்டு இருக்காதீர்கள். இதை எத்தனை பேருக்குச் சொல்லிவிட்டேன்.

"ஒரு செக்கன்தான் பார்த்தன்" என்று எல்லோரும் சொல்வார்கள். மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் போனால் ஒரு செக்கனில் கிட்டத்தட்ட 14 மீற்றர் போய்விடுவோம். பெயரைப் பார்த்து, பச்சையைத் தள்ளி, காதில் வைக்க மூன்று செக்கன் என்று வைத்தால் 42 மீற்றர், இரண்டு கிரிக்கெட் பிட்ச் நீளத்துக்குக் கண்ணை மூடிக்கொண்டு ஓடியதற்குச் சமம். இரவில் நம் வீதிகளில் சூட்டுக்காக மாடு படுத்திருக்கும், அறுவடைக் காலத்தில் நெல் காயும், பின் லைட் இல்லாத உழவு மெசின் நிற்கும். கண்ணைத் திறந்துகொண்டு ஓடுவதே பாடு.

ப்ளூடூத் போட்டால் சரிதானே என்று படித்த ஆட்களும் கேட்கிறார்கள். போன் பேசிக்கொண்டு ஓட்டுகிறவர் விபத்தில் சிக்குகிற வாய்ப்பு நான்கு மடங்கு என்றும், கையில் பிடிக்காமல் பேசினாலும் பெரிய பாதுகாப்பு இல்லை என்றும் உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. கை இரண்டும் ஹாண்டிலில் இருக்கலாம், மனம் வேறு வீட்டில் இருக்கும். 2015இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், வாகனத்திலும் போனிலும் குரலால் கட்டளை கொடுத்து முடித்த பிறகும் கவனம் முழுதாகத் திரும்ப 27 செக்கன் வரை எடுத்தது. 40 கிலோமீற்றர் வேகத்தில் அது 300 மீற்றர். ஏறக்குறைய கல்லடிப் பாலத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை.

இன்னொன்று, ஹெல்மெட்டுக்குள் போனைச் செருகுவது. நம் பக்கத்தில் இதைக் கண்டு யாருக்கும் இப்போது ஆச்சரியமே இல்லை. போன் புகுவதற்காகப் பட்டியைக் கழற்றிவிடுகிறார்கள், போன் வழுக்காமல் இருக்கத் தலையைச் சாய்த்துக்கொண்டு ஓடுகிறார்கள். பட்டி பூட்டாத ஹெல்மெட், ஆள் விழும்போது தலை அடிபட முன்னமே கழன்று போய்விடும்.

பிள்ளைகளைப் பற்றிப் பேசும்போது பெரியவர்கள் நாங்கள் தப்பிக்க முடியாது. லைசனுக்கு 18 வயது வேண்டும், ஆனால் ஒழுங்கைக்குள்ளதானே என்று 15 வயதில் சாவியைக் கொடுக்கிறோம். மூன்று வயதுப் பிள்ளையை ஸ்கூட்டர் முன்பலகையில் நிற்க வைத்துக்கொண்டு, ஒரு கையால் போன் பேசியபடி போகிற தகப்பன்மாரை முன்பள்ளி வாசலில் தினமும் பார்க்கலாம். அந்தப் பிள்ளை ஓட்டப் பழகத் தொடங்கியது அந்த வயதில்தான். நானும் பிழை செய்தவள். கணவர் அம்பாறையில் வேலை முடிந்து வரும்போது, பாண் வாங்கி வாங்கோ என்று சொல்ல எத்தனையோ நாள் போன் எடுத்திருக்கிறேன். வெறும் பாணுக்கு.

இப்போது எங்கள் வீட்டில் போன் எடுத்தால் முதல் கேள்வி "ஓடுறீங்களா?" என்பது. ஓம் என்றால் உடனே வைத்துவிடுவோம், கதை இல்லை. புறப்படும்போது போன் சீட்டுக்கு அடியில் உள்ள பெட்டிக்குள் போகும். அவசரம் என்றால் மூன்று தரம் தொடர்ந்து அடிப்பது என்று பேசி வைத்திருக்கிறோம், சத்தம் கேட்டால் ஓரம் கட்டி, எஞ்சினை நிறுத்தி எடுக்க வேண்டும். எடுக்கவில்லை என்றதும் பத்துத் தரம் அடித்து, "எங்க மனே நிக்கிறாய், ஏன் எடுக்கிறாய் இல்ல" என்று பதறாதீர்கள். அவன் எடுக்காமல் இருப்பது நல்ல செய்தி.

விழுந்த ஒருவரைக் கண்டால் இரண்டு கக்கத்திலும் பிடித்து இழுத்து ஓட்டோவில் போடாதீர்கள். கழுத்தில் அடிபட்டிருந்தால் அந்த இழுவையிலேயே காரியம் கெடும். மூச்சுக்குத் தடை இல்லை என்றால் ஹெல்மெட்டையும் கழற்ற வேண்டாம். 1990க்கு எடுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் வரும், காசு இல்லை.

அந்தப் பொடியன் இன்னும் வருகிறான், செவ்வாய், வியாழன். இடது கையால் எழுதப் பழகுகிறான். போன கிழமை முழங்கையை மடக்கும் தசையில் ஒரு சின்னத் துடிப்புத் தெரிந்தது, என் விரலை வைத்துப் பார்த்தேன், பிறகு தாயின் விரலை எடுத்து அதே இடத்தில் வைத்தேன். கட்டாரில் இருந்து இப்போது அழைப்பு இரவு ஒன்பது மணிக்கு வருகிறதாம். தகப்பனே நேரத்தை மாற்றிவிட்டார்.