பைனாரல்: இருசெவி ஒலிப்பதிவு

லத்தீனில் 'பினி' என்றால் இரண்டிரண்டாக, 'ஔரிஸ்' என்றால் காது. இரண்டும் சேர்ந்த சொல்தான் பைனாரல்: காதுகள் இருக்கும் இடத்தில் இரண்டு மைக் வைத்து, நாம் கேட்பதுபோலவே ஒலியைப் பதிவது. ஒலிப்பதிவுக்காரர்களுக்கு முன்பே மருத்துவர்களிடம் இந்தச் சொல் புழங்கியது. ஒற்றைக் காதில் வைத்துக் கேட்ட ஸ்டெதாஸ்கோப்புக்கு 1850களில் இரண்டு காதுக்கும் குழல் வந்தபோது, அதைப் பைனாரல் ஸ்டெதாஸ்கோப் என்றார்கள். 1933 சிகாகோ உலகக் கண்காட்சியில் அமெரிக்கத் தொலைபேசி ஆய்வகமான பெல் ஆய்வகத்தார் 'ஆஸ்கர்' என்ற பொம்மையின் தலையில் மைக்குகளைப் பொருத்தி, அது கேட்டதை மக்களுக்கு ஹெட்போனில் கேட்கவைத்தார்கள்.

தமிழில் 'இருசெவி' போதும். சிலர் எழுதும் 'ஈர்செவி' இலக்கணத்துக்கு ஒட்டாது. உயிரெழுத்துக்கு முன்னால்தான் 'ஈர்' வரும். 'ஈரொலி' அதைவிட மோசம், ஒலி ஒன்றுதானே!

ஸ்டீரியோவோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். இதை ஹெட்போனில்தான் கேட்க வேண்டும். சத்தம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பது காதுக்கு வரும் வித்தியாசங்களால்தான் தெரிகிறது. இடப்பக்கம் எழும் சத்தம் வலக்காதுக்குச் சுமார் 0.7 மில்லிநொடி வரை பிந்தி வரும். தலை மறைப்பதால் கீச்சொலிகள் மங்கியும் வரும். முன்னாலா பின்னாலா என்பதைக் காதுமடலின் மடிப்புகள் காட்டிக்கொடுக்கும். ஸ்பீக்கரில் போட்டால் இரண்டு பக்கச் சத்தமும் இரண்டு காதுக்கும் போய் எல்லாம் குழம்பிவிடும்.

வீட்டில் செய்து பழக, மதுரை டவுன் ஹால் ரோட்டு எலக்ட்ரானிக்ஸ் கடையில் 'கண்டென்சர் மைக்' கேளுங்கள். சட்டைப் பொத்தானைவிடச் சிறியது, விலையும் அற்பம். ஒரே ரகத்தில் இரண்டு, மெல்லிய ஷீல்டு வயர், ஒரு ஸ்டீரியோ பின். மைக்கின் பின்புறம் இரண்டு புள்ளிகள் இருக்கும். உலோக உறையோடு ஒட்டியிருப்பது கிரவுண்ட். வயரைப் பற்றவைக்கும்போது சால்டரிங் அயர்னைச் சட்டென்று எடுத்துவிட வேண்டும், சூடு ஏறினால் உள்ளே மைக் கெட்டுவிடும். மைக்குக்கு மின்சாரம் தரும் ஸ்டீரியோ ரெக்கார்டரும் தேவை. பெரும்பாலான போன்களின் இயர்போன் துளை ஒரு மைக்கைத்தான் ஏற்கும்.

அப்புறம், மைக்குகளைக் காதுத் துளையின் வாசலில் வெளிப்பக்கம் பார்த்து ஒட்டிக்கொண்டு ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் நில்லுங்கள். "தேனி தேனி தேனி" என்று கண்டக்டர் முதுகுக்குப் பின்னால் கூவிக்கொண்டு போவது அப்படியே பதிவாகும். தலையைத் திருப்பினால் பஸ் ஸ்டாண்டே சேர்ந்து சுற்றும், அதனால் அசையாமல் நிற்க வேண்டும். நண்பருக்கு அனுப்பினால் அவருக்குக் கண்டக்டர் முன்னால் நிற்பதாகவும் தோன்றலாம். பதிவானது உங்கள் காதுமடலின் வடிவத்தில், அவருடையது வேறு.